குக்கரில் வைத்த குடல்

என் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் போட்ட கறி விருந்தில், பாதிச் சாப்பாட்டில் என் நைனா இலையை விட்டு எழுந்துவிட்டார். சீர்வரிசைத் தகராறு இல்லை. யாரும் அவரை மரியாதைக் குறைவாக நடத்தவும் இல்லை. குடல் வேகவில்லை, அவ்வளவுதான்.

நைனாவுக்கு மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் வாடகைச் சைக்கிள் கடை. மனிதருக்கு இரண்டு பலவீனங்கள். தான் ரிப்பேர் பார்த்த எதையும் சோதித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார். பஞ்சர் ஒட்டினால்கூட ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்துதான் காசு வாங்குவார். இன்னொன்று ஆட்டுக் குடல் குழம்பு. அது கிடைக்கிற வீடு என்றால் எதிரி வீடாக இருந்தாலும் விசாரித்துக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லுவாள். அப்படிப்பட்டவரை ஒரு குடல் குழம்பே எதிரியாக்கியது என் ஜாதக விசேஷம்.

அன்றைக்கு விருந்துக்கு அவர் தனியாகப் போகவில்லை. பெண் வீட்டுப் பலம் தெரியட்டும் என்று கடை ஆட்கள், அவர்களுடைய மச்சான்கள், எதிர்க்கடை சோடாக்காரர், சோடாக்காரர் வழியில் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்ட ஆட்கள் என்று ஜட்கா ஜட்காவாக ஏற்றிக்கொண்டு மாம்பலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பந்தியில் நடுவே உட்கார்ந்தார். முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். பக்கத்து இலைக்காரர் சோற்றை முடித்துவிட்டு ரசத்துக்குப் போன பிறகும் மென்றுகொண்டிருந்தார். பிறகு பந்தி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான் தெனம் டயர் மாத்துறவன். எனக்கே டயரு போடுறீங்களா?"

சொல்லிவிட்டு எழுந்தார். கூட வந்த பட்டாளமும் எழுந்தது. சோடாக்காரர் மட்டும் பாயசம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

என் மாமியார் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நேராகப் பேசியிருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் முகத்துக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். "அவரைச் சாப்பிடச் சொல்லு", "அவங்களை இருக்கச் சொல்லு" என்று அந்த ஆள் மூலமாகத்தான் எல்லாம் போகும். அன்று முதல் அந்த ஆள் நான். தபால்காரருக்காவது சைக்கிள் உண்டு.

அதற்குப் பிறகு நைனா எங்கள் வாசற்படி ஏறவில்லை. என்னைப் பார்க்க வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். நான் போய் நின்று பேசிவிட்டு வருவேன். வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "அந்த வூட்ல நான் கை நனைக்கிறதா இல்ல" என்பார். ஒரு வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் அந்த வீட்டோடு உறவு. சாப்பிட மாட்டேன் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது எனக்கு வயிற்றில் பிள்ளை வந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதற்கு அப்பா வந்து அழைத்துப்போக வேண்டும். என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க நைனா வரட்டும், இட்டுக்கினு போவட்டும். நான் வேணாங்கல. ஆனா எங்க கொடலை டயருன்னு சொன்னாரில்ல, அதே கொடலை இதே வூட்ல உக்காந்து துன்னுட்டு இட்டுக்கினு போவட்டும். இல்லாங்காட்டி பேறுகாலம் இங்கயே நடக்கும். நான் பாக்காத பேறுகாலமா?"

கேட்டுக்குப் போய் நைனாவிடம் சொன்னேன். "பொண்ணை இட்டுக்கினு போறதுக்குப் புருசன் வூட்டு டயரைத் துன்னணுமா? இன்னா நாயம் இது?" என்று மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பேருக்கும் வீம்பு. நடுவில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான். எங்கள் தெருவில் அந்த வருஷம்தான் ஒரு பெண் தலைப்பிரசவத்தில் போய்விட்டிருந்தாள். அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் வலி வருகிறபோது எனக்கு என் அம்மா வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால் மாமியார் மனசு புண்படும், நைனாவிடம் சொன்னால் வெற்றி என்று நினைத்துக்கொள்வார். ஆகையால் இராத்திரி தலையணையிடம் சொன்னேன்.

கடைசியில் அம்மா மயிலாப்பூரில் என்ன சொன்னாளோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக நைனாவிடமிருந்து தகவல் வந்தது. வந்து அழைத்துப்போவார், சாப்பிடுவதாகச் சொல்லவில்லை. மாமியாரோ அவர் சாப்பிடுவார் என்றே தீர்மானித்துச் சமையலுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார்.

அங்கேதான் இன்னொரு சங்கடம் முளைத்தது. மூன்று நான்கு மாதத்தில் மசக்கை விட்டுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை விடவில்லை. குறிப்பாகக் குடல் வேகிற வாசனை. ஒரு தடவை மாமியார் ஒத்திகை மாதிரி மண்சட்டியில் ஏற்றிப் பார்த்தார். நான் பக்கத்து வெற்றுமனைக்கு ஓடிப்போய்ச் சாயங்காலம் வரை வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மாம்பலத்தில் வீடுகளைவிட வெற்றுமனைகள்தான் அதிகம். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைகள் அவை. நல்ல மழை பெய்தால் ஏரிக்குப் பழைய ஞாபகம் வந்து வீட்டுக்குள் வந்துவிடும். வாந்தி எடுக்க வசதியான ஊர்.

என் வீட்டுக்காரருக்குக் குஷி பிறந்தது அப்போதுதான். "நம்ம குக்கர் இருக்கே!" என்றார்.

அந்தக் குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணத்துக்கு முன் வாங்கிய முதல் சொத்து அது. முழங்கால் உயரத்துக்குப் பித்தளை உருளை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒரு கம்பிச் சட்டம், அதன் தலையில் ஒரு திருகாணி. அடியில் தண்ணீர், அதற்கும் அடியில் சின்னதாகக் கரியடுப்பு. பொங்கலுக்குப் பசுமாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி வாராவாரம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். நான் தொட்டால் முகம் சுருங்கும். "ஒரு பிடி கரி போதும். திறக்கக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டியதே இல்லை. நீராவி பார்த்துக்கொள்ளும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்வார். சோறும் பருப்பும் அதில் நன்றாகத்தான் வெந்தன. குடலை அதில் யாரும் வைத்ததில்லை.

"மூடி போட்டுட்டா வாசனை வெளியே வராது. மெதுவா வேகும். விடியக்காலம் வெச்சா மத்தியானம் வெண்ணெயா இருக்கும்" என்றார்.

"வெண்ணெயா இருக்கட்டும், எண்ணெயா இருக்கட்டும். வேவலன்னா உன் பித்தளையைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்" என்றார் மாமியார்.

ஞாயிறு விடிவதற்கு முன் என் வீட்டுக்காரர் சைதாப்பேட்டை போய், தெரிந்த பாய் கடையில் குடல் வாங்கி வந்தார். மாமியார் கிணற்றடியில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவி, வெந்நீரில் அலசி, கத்தியால் சுரண்டி, மறுபடி அலசி, வெள்ளை வெளேரென்று எடுத்தார். நான் மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்து மசாலாவுக்குப் பூண்டு உரித்தேன். அதுதான் என் பங்கு. அடி அடுக்கில் குடல், நடுவில் பருப்பு, மேலே சோறு. புளியை மட்டும் மாமியார் சேர்க்கவில்லை, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தனியாக வைத்தார். என் வீட்டுக்காரர், வாசனை கொஞ்சம் கசிந்தாலும் எனக்குக் குமட்டுமே என்று, திருகாணியைக் குறடு போட்டு முறுக்கினார். முறுக்கிவிட்டு மறுபடி முறுக்கினார். ஒரு பிடி கரியை எண்ணிப் போடாத குறையாகப் போட்டுப் பற்றவைத்தார்.

"யாரும் கிட்டப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் கரி சாம்பல் பூத்திருந்தது. இந்தப் பூனைக்குட்டி நெருப்பில் ஆட்டுக் குடல் வேகுமா? வேகாவிட்டால் நைனா இன்னொரு தடவை டயர் என்பார், அப்புறம் என் பிள்ளை பிறக்கிற இடம் இந்த வீடுதான். இரண்டு கை நிறையக் கரியை அள்ளிப் போட்டுவிட்டு, கையை உள்பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பிற்பாடு மூன்று பேரும் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் மாமியார் போட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் மறுபடி மாமியார் போட்டிருக்கிறார். குக்கர் பிரசங்கியே ஈரத் தலையோடு வந்து யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு முறம் கொட்டியிருக்கிறார். அன்று காலை முழுக்க அந்த அடுக்களைக்குள் ஒருவர் போவதும் ஒருவர் வருவதுமாக இருந்தோம், எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு.

உச்சி வெயிலில் கேட்டில் மணி கேட்டது. நைனா சைக்கிளில் முன்னால், ஜட்கா பின்னால். இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்டுக்கு உள்ளே ஓர் அடி வைத்து நின்றார்.

"மூட்டையைக் கட்டிட்டியா? ராகு காலம் வர்றதுக்குள்ள பொறப்படணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார்: "கை நனைக்காம பொண்ணு வண்டி ஏறாதுன்னு உங்க நைனாகிட்ட சொல்லு."

"எனக்குப் பசியில்லன்னு சொல்லு."

"பசி இல்லாதவங்களும் இந்த வூட்ல ஒரு வாய் சாப்பிடுவாங்கன்னு சொல்லு."

"டாக்டர் மெல்லக் கூடாதுன்னு சொல்லிக்கிறாருன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்டது. படியில் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பெட்டி பக்கத்தில் கட்டி வைத்தபடி இருந்தது. ஜட்காக் குதிரை வேலிச் செடியைத் தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தது.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து கிரீச் என்று ஒரு சத்தம். பிறகு டங் என்று ஒன்று. பிறகு என் வீட்டுக்காரர் யாரையோ திட்டினார். குக்கர் திறக்கவில்லை. அவர் முறுக்கிய முறுக்கும் நாங்கள் போட்ட நெருப்பும் சேர்ந்து திருகாணி இறுகிவிட்டது. குறடு வழுக்கி வழுக்கி அதன் தலையைச் சீவிக்கொண்டிருந்தது.

நைனாவின் முகம் மாறியது. அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியாது. குழந்தை அழுகிற சத்தம் கேட்ட தாய் மாதிரி கழுத்தை நீட்டினார். மறுபடி கிரீச்.

"மாப்ளே! மரை பூடும்! குறடை எடு அந்தாண்ட!"

கத்திக்கொண்டே வாசற்படி ஏறி, கூடம் தாண்டி, அடுக்களைக்குள் போய்விட்டார். மாமியார் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சைக்கிள் பையில ஸ்பானர் கீது, எடுத்தா" என்றார். என் வீட்டுக்காரர் ஓடினார். நைனா சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். "யாரு இவ்ளோ கரி போட்டது? ரயில் ஓட்டுறீங்களா?" ஈரத்துணியைச் சுற்றிக் கம்பியைக் குளிரவைத்தார். ஸ்பானரை வைத்து மெல்லத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி தட்டினார். பிறகு ஒரே திருகல். அடுக்குகள் பெருமூச்சு விட்டுப் பிரிந்தன.

ஆவி அடங்கியதும் வாசனை வந்தது. நான் முந்தானையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். குமட்டவில்லை. வாயில் எச்சில் ஊறியது. ஏழு மாதமாக எனக்குப் பிடிக்காமல் இருந்தது வேகாத குடலின் வாசனைதான் போலிருக்கிறது.

நைனா ஸ்பானரைக் கீழே வைத்தார். கரண்டியை எடுத்தார். ரிப்பேர் முடிந்தது, சோதித்துப் பார்க்க வேண்டாமா? அவர் யோசிக்கவே இல்லை. ஒரு துண்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டார். மெல்லக்கூட இல்லை. நாக்கில் வைத்ததும் போய்விட்டது. கண்ணை மூடினார். இன்னொரு துண்டுக்குக் கரண்டி தானாக இறங்கியது.

கதவுப் பக்கமிருந்து ரொம்ப சாந்தமான குரல்: "உங்க நைனா கை நனைச்சிட்டாருன்னு சொல்லு."

நைனா கண்ணைத் திறந்தார். கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரண்டிதான் நனைஞ்சிது" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எலையப் போடச் சொல்லு."

புளி கரைத்து விட்டு ஒரு கொதி வந்ததும் இலை போட்டார்கள். நைனாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கூடத்தில், ஜட்காக்காரருக்கு வாசலில். மாமியார் அள்ளி அள்ளிக் கொடுக்க நான் பரிமாறினேன். நைனா வளைத்துக் கட்டினார். மூன்றாம் தடவை சோறு வாங்கும்போது என்னிடம் கேட்டார்.

"இவ்ளோ நல்லா பண்றவங்க அன்னிக்கி மட்டும் ஏன் அப்படிப் பண்ணாங்கன்னு கேளு."

என் வீட்டுக்காரர்தான், குக்கர் மகிமை பேச வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல மாமா. அன்னிக்கி முதல்ல வெச்சது நல்லாத்தான் வெந்துது. ஜட்காவெல்லாம் வந்து எறங்கினப்போ ஆள் கூடிப்போச்சு. அம்மா என்னை ஓடவிட்டு இன்னொரு மடங்கு குடல் வாங்கியாரச் சொன்னாங்க. புளி கொதிக்கிற பானையிலேயே போட்டுட்டாங்க. புளித்தண்ணியில பச்சைக் குடல் எப்படி வேகும்? ஆனா குக்கர்ல பாருங்க, நீராவி..."

"டேய், வாயை மூடு" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் மூடினார். எனக்கும் அதுவரை தெரியாது. வந்தவர்களிடம் ஆள் அதிகம், சாப்பாடு போதாது என்று சொல்ல வாய் வராமல் அந்த அம்மாள் இத்தனை நாள் டயர் பட்டத்தைச் சுமந்திருக்கிறார். சபையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலை குனிந்திருக்க வேண்டியவர் என் நைனா. என்மேல் எத்தனையோ தடவை எரிந்து விழுந்தபோதுகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நைனாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பிறகு மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். எழுந்து கிணற்றடிக்குக் கை கழுவப் போனார். அங்கே குக்கரின் அடி அடுக்கு கவிழ்த்துக் கிடந்தது. கழுவியாகிவிட்டது. மாமியாரும் நானும் இன்னும் சாப்பிடவில்லை. எனக்கென்று மாமியார் ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்து மூடி வைத்திருந்தார், தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தவர் கதவுக்கு நேராக நின்றார். என்னைத் தேடவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமியாருக்கும்தான். "நான் அப்பறமா ரசம் ஊத்தித் துன்னுக்குறேன்" என்று நேராகவே பதில் சொல்லிவிட்டார்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்ளே, அந்த பாய் கடை எங்க கீது?"

"சைதாப்பேட்டை மாமா. ஆனா இந்நேரத்துக்கு..."

"தொறக்கச் சொல்றேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். நான் பெட்டியோடு வாசலில் நிற்கிறேன். ஜட்காக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக் குறட்டை விடுகிறார். நைனா குடலோடு திரும்பி வரும்போது ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. இனிமேல் அன்று பயணம் இல்லை. மறுநாள் வரச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினார். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதவர் ராத்தங்கலுக்குப் பாய் கேட்டார்.

மாமியார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கிணற்றடியில் அவரே சுண்ணாம்பு தடவிச் சுரண்டினார். குக்கரில் வைத்தார். திருகாணியை விரலால் மட்டும் திருகினார். என் வீட்டுக்காரர் கையில் ஒரு பிடி கரியோடு வந்ததும், "அந்தாண்ட போ மாப்ளே" என்று கரிக்கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைத்து வெகுநேரம் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை.

முதல் இலை மாமியாருக்கு. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களைக்குள்ளேயே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். கதவுக்கு வெளியே இப்போது நைனா நின்றார், கையைப் பிசைந்துகொண்டு. நேருக்கு நேர் பேசிய தைரியமெல்லாம் எங்கே போனதோ, பழையபடி என்னிடமே வந்தார்.

"வெந்துச்சான்னு கேளு."

மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். அவசரமே படாமல், அன்று பந்தியில் நைனா மென்றாரே அத்தனை நேரம் மென்றார். பிறகு தண்ணீர் ஒரு வாய் குடித்தார்.

"டயர் இல்லன்னு சொல்லு" என்றார்.